தோளை இறக்கு என்று சொன்னேனே

பதில் வராத இடத்தில் இருந்தாலும், என்னைத் திட்டாமல் கடைசி வரை கேட்பாய் என்று நான் நம்பும் என் மாப்பிள்ளை நாச்சிமுத்துவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்தை நான்கு முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். ஒரு முறை வெறும் புலம்பலாக வந்தது. இன்னொரு முறை பள்ளிக்கூட அறிக்கை மாதிரி வந்தது. இந்த முறை சரசு எதிரில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருக்கிறாள். உன் மனைவி ஆவதற்கு முன்பே என் தங்கையாக இருந்தவள், என் குணம் தெரிந்தவள். "தப்பா இருந்தாலும் இருக்கட்டுங்ணா, கிழிக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

முதலில் வீட்டுச் செய்தி. சிவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. தென்னையில் வெள்ளை ஈ இன்னும் குறையவில்லை. உன் மகன் கோயம்புத்தூரிலிருந்து வாரம் ஒரு முறை வருகிறான். அம்மாவைத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான். அவள் மாட்டைக் காட்டி மறுக்கிறாள். மாடு ஒரு சாக்கு என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்தானே?

இதைக் கும்மிக் குழுக்காரர்களும் படிக்கப் போகிறார்கள். நம் கேரள எல்லைப்புறத்துக் குழுக்கள் சேர்ந்து போடும் மலரில் வெளியிடுவதாகச் சொன்னார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

உட்கார்ந்து பாடுகிறவருக்கு மூச்சு பாட்டுக்கு மட்டும் போதும். வள்ளி கும்மியில் அப்படி இல்லை. அறுபது பேர் வட்டம் கட்டி, குனிந்து நிமிர்ந்து கைதட்டி ஆட, நடுவில் ஒருவர் தானும் ஆடிக்கொண்டே இரண்டு மணி நேரம் முன்பாட்டுப் பாட வேண்டும். கால் கேட்கும் காற்றையும் தொண்டை கேட்கும் காற்றையும் ஒரே நெஞ்சுதான் கொடுக்க வேண்டும். நீ முன்பாட்டு. நான் உனக்கு இரண்டு அடி பின்னால் நின்று, நீ விட்ட இடத்தைப் பிடித்துக்கொடுக்கும் பின்பாட்டு. எனக்கு அந்த இடம் போதுமாக இருந்தது. முன்னால் நிற்கச் சொன்னால் எனக்கு வாய் உலர்ந்துவிடும்.

நினைவிருக்கிறதா, முதன்முதலில் நீதான் என்னிடம் கேட்டாய். "மச்சான், மூணாவது பாட்டுக்கே எனக்கு எளைக்குது. நீ சயின்ஸ் வாத்தியார்தானே, ஏன்னு சொல்லு." எனக்குப் பெருமையாக இருந்தது. முப்பது வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு உதரவிதானத்தைப் படம் போட்டு நடத்தியவன். அதை யாரும் வாழ்க்கையில் ஒரு தடவை கூடத் திரும்பக் கேட்டதில்லை.

உன்னைத் தேங்காய்க் களத்தில் மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றின்மேல் ஒரு உரித்த தேங்காயை வைத்தேன். மூச்சை இழுக்கும்போது தேங்காய் மேலே ஏற வேண்டும், தோளும் நெஞ்சும் ஏறக் கூடாது என்றேன். நீ சிரித்த சிரிப்பில் தேங்காய் உருண்டு போனது. "சாமிக்கு ஒடைக்கறது தெரியும். வாத்தியாருக்கு ஏத்தறது இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றாய். ஆனால் ஒரு மாதம் விடாமல் செய்தாய். தேங்காய் ஏறியது. பாட்டும் நீண்டது.

குனிந்து நிமிர்வதைப் பற்றி நான் சொன்னதை நீதான் ஊருக்கெல்லாம் பரப்பினாய். குனியும்போது வயிறு மடங்கிக் காற்று தானாக வெளியே வருகிறது. அந்தக் காற்றில் பாடு. நிமிரும்போது இடம் திறக்கிறது. அப்போது வாங்கிக்கொள், வாயின் ஓரமாக, சத்தமில்லாமல். முட்ட முட்ட இழுக்காதே, முக்கால் போதும். அடி முடிவதற்குள் காற்றை முழுக்கச் செலவழித்துவிடாதே, கொஞ்சம் மீதம் வை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நீ ஆட்டத்துக்கு எதிராக மல்லுக்கட்டிப் பாட வேண்டியிருக்கவில்லை, ஆட்டமே உனக்கு மூச்சு கொடுத்தது.

குழல் வாசிக்கும் ஆறுச்சாமி நம்மிடம் வந்தது அப்போதுதான். நீண்ட சுரம் பிடித்தால் தலை சுற்றுகிறது என்றான். கன்னம் இரண்டும் புடைக்க, நெஞ்சு நிறையக் காற்றை ஏற்றிக்கொண்டு ஊதுவான். நான் அவனை முதலில் இழுக்காதே, விடு என்றேன். பழைய காற்றை வெளியே தள்ளாமல் புதுக் காற்றை எங்கே வைப்பது? பிறகு உதட்டின் இடுக்கைச் சிறிதாக்கச் சொன்னேன். அவனுடைய காற்றில் பாதி குழலுக்குள் போகாமல் வெளியே கசிந்துகொண்டிருந்தது. நீ உன் பாணியில் ஒரே வரியில் சொன்னாய்: "கன்னத்துல காத்தை வெச்சுட்டு யாருக்குடா குடுக்கப் போறே?" அவனுக்கு என் விளக்கத்தைவிட அதுதான் புரிந்தது.

அதன் பிறகுதான் நான் நோட்டுப் போட்டேன். எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு பக்கம். பல்லிடுக்கில் "ஸ்ஸ்" என்று ஒரே சீராகக் காற்றை விட வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்து எத்தனை வினாடி என்று குறிப்பேன். பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு, சிவப்பு மையில். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகும் சிவப்பு மை என் சட்டைப் பையை விட்டுப் போகவில்லை.

உன் பக்கத்தை இப்போது திறந்து வைத்திருக்கிறேன். போன வருடம் சித்திரையில் முப்பத்தொன்று. வைகாசியில் இருபத்தெட்டு. ஆனியில் இருபத்து நான்கு. ஆடியில் பத்தொன்பது. ஆவணியில் பதினைந்து. புரட்டாசியில் பன்னிரண்டு.

என் குறிப்புகளையும் எழுதிவிடுகிறேன். "பயிற்சி குறைவு." "கவனம் சிதறுகிறது." "தோள் ஏறுகிறது, திருத்த வேண்டும்." கடைசியாக, பன்னிரண்டுக்குப் பக்கத்தில்: "முயற்சி போதாது."

நீ எத்தனை முயற்சி செய்துகொண்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியவில்லை மாப்பிள்ளை. ஒவ்வொரு மூச்சுக்கும் உன் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறின. கழுத்து நரம்பு புடைத்தது. நான் உன் பின்னால் நின்று, உன் தோள்மேல் என் இரண்டு கைகளையும் வைத்துக் கீழே அழுத்தினேன். "தோளை இறக்கு, தோளை இறக்கு" என்றேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. மூச்சுக்குத் தவிக்கிற உடம்பு கடைசியாகப் பிடித்துத் தொங்குகிற கொம்பு அந்தத் தோள்தான் என்று பிறகுதான் டாக்டர் சொன்னார். நான் அந்தக் கொம்பை அழுத்திக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் ஒரு நாள் நீ சொல்ல வந்தாய். களத்து ஓரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "மச்சான், காத்து உள்ள போகுது. ஆனாக்க எடம் பத்தலே" என்றாய். நான் என்ன பதில் சொன்னேன்? "முழுக்க வெளியே விடாமல் இழுக்கிறாய், அதனால்தான். ஆறுச்சாமிக்குச் சொன்னது உனக்கும்தான்" என்றேன். பிறகு, "உன்ற வாச்சுக்கு எல்லாம் தெரியுது" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாய். ஏறி மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டு போனாய். அதையும் நான் பார்த்தேன்.

உனக்கு அப்போதே தெரியுமா? பாடக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்து மறைத்தாயா? அல்லது நான் படித்தவன், நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தாயா? இரண்டாவதாக இருந்துவிடக் கூடாது என்று தினமும் நினைக்கிறேன்.

ஐப்பசியில் பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்தபோது, இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். அந்த டாக்டர் வயதில் சின்னவர், அமைதியாகப் பேசுபவர். "எத்தனை மாசமா மூச்சு வாங்குது?" என்று கேட்டார். உன் மகன் என்னைப் பார்த்தான். "இப்பத்தான் ஒரு வாரமா" என்று நான் சொன்னேன். "இருக்காது, அஞ்சாறு மாசமாவது இருக்கும்" என்றார் அவர். என் பையில் நோட்டு இருந்தது. ஆறு மாதமும் வரிசையாக, தேதியோடு, என் கையெழுத்தில் இருந்தது. நான் பையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சரசுவிடமும் சொல்லவில்லை. உன் காரியங்கள் முடிந்து, தை போய், மாசி போயிற்று. நோட்டை எரித்துவிடலாம் என்று ஒரு முறை அடுப்பு வரை கொண்டு போனேன். மற்றவர்களுடைய பக்கங்களும் அதில்தானே இருக்கின்றன என்று திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். அது உண்மையான காரணமா என்று எனக்கே தெரியாது.

பங்குனியில் குழு மறுபடி கூடியது. சித்திரையில் கோவிந்தாபுரத்துப் பக்கம் கோயில் நோன்பு, திருவிழா; அதற்கு நம் குழுவைக் கேட்டிருந்தார்கள். முன்பாட்டுக்குத் தங்கமணி வந்தாள். பால் சொசைட்டியில் பால் அளக்கிறவள்தான், உனக்குத் தெரியும். உன்னிடமே பாடிப் பழகிய குரல். வாத்தியாரை மலையாளத்தில் சொல்வது போல என்னை மாஷ் என்று கூப்பிட்டு, பாதி மரியாதையும் பாதி கேலியுமாகப் பேசுகிறவள். குழு கேட்டதால் நான் மறுபடி கடிகாரத்தை எடுத்தேன். சரசுவும் வட்டத்தில் சேர்ந்து ஆட வந்தாள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் சுவர் பேசுகிறது என்றாள்.

தங்கமணியின் பக்கம் இப்படிப் போயிற்று: இருபத்து நான்கு, இருபத்திரண்டு, பத்தொன்பது. இத்தனையும் மூன்று வாரத்துக்குள். நான் வாரம் ஒரு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். என்ன சொல்வது? ஒரு பெண்ணிடம், நாற்பத்தெட்டு வயதுக்காரியிடம், உனக்கு ஏதோ உடம்புக்கு இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? நான் டாக்டரா? உன் விஷயத்தில் எனக்கு ஒன்றும் தெரியாமல் போனது, இவள் விஷயத்தில் மட்டும் தெரிந்துவிட்டதா? இப்படியே மூன்று வாரமும் போயிற்று. என் பயத்துக்குக் காரணம் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன்.

நோன்புக்குப் பதினொரு நாள் இருந்தது. சாயங்காலம், களத்தில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கியிருந்தார்கள். தங்கமணி என் எதிரில் நின்று மூச்சை விட்டாள். பதினைந்தில் நின்றது, குறித்துக்கொண்டேன். அடுத்த மூச்சை இழுக்கும்போது அவள் தோள் இரண்டும் மேலே ஏறின. "தோளை இறக்கம்மா" என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லாமல் கடிகாரத்தைக் கீழே இறக்கினேன்.

"என்னுங்க மாஷே, எண்றதை நிறுத்திட்டீங்க?" என்றாள்.

"போதும்மா. இன்றைக்கு நீ பாட வேண்டாம்."

"ஏனுங்க, கொரல் நல்லால்லீங்களா?"

"குரலுக்கு ஒன்றும் இல்லை. நீ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாளைக்கே."

ஆறுச்சாமி சிரித்தான். "மாஷுக்கு வாச்சுல பேட்டரி தீந்துருச்சாட்ட இருக்குதுங்க."

தங்கமணியும் சிரித்தாள். "நான் பாலுக்குத்தான் டிகிரி பாப்பேன். நீங்க எனக்கே டிகிரி பாத்து, தண்ணி கலந்திருக்குதுன்னு சொல்லிப்போட்டீங்க. வெடியால எந்திரிச்சு மாடு, அப்பறம் சொசைட்டி, அப்பறம் ஊட்டு வேலை, பொழுதோட இங்க வந்து குதிக்கறேன். மூச்சு வாங்காம என்னுங்க பண்ணும்?"

"பதினோரு நாளை வெச்சுட்டு பாடறவளைப் போய்ப் படுன்னா எப்படிங்க?" என்றான் ஆறுச்சாமி. இப்போது அவன் சிரிக்கவில்லை. "நோன்புக்காரங்களுக்கு யாரு பதில் சொல்றது? நீங்க வந்து பாடறீங்களா?"

இன்னொரு நாளாக இருந்தால் மாப்பிள்ளை, சரி, ஏதோ தோன்றியது, பாடு என்று சொல்லியிருப்பேன். அவர்களை நம்பவைக்க என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைக் காட்டினால் சரசுவும் பார்ப்பாள். அவள் வட்டத்தில் நான்காவது ஆளாக, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

பையிலிருந்து நோட்டை எடுத்தேன். உன் பக்கத்தைத் திறந்து, வகுப்பில் வருகைப் பதிவு வாசிப்பது போல வாசித்தேன். மாதம், வினாடி, என் குறிப்பு. ஆறு வரியையும் வாசித்தேன். "முயற்சி போதாது" என்பதை வாசித்த பிறகு, "இது எழுதி இருபது நாளில் நாச்சிமுத்து செத்துப்போனார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாட்டுக் குறை என்று நினைத்தேன்" என்றேன்.

சரசு வட்டத்திலிருந்து வெளியே வந்தாள்.

"ஆடில எவ்வளவுன்னு சொன்னீங்க?"

"பத்தொன்பது."

"ஆடிலதான் ரெண்டாவது தலகாணி கேட்டாரு. ஒண்ணை வெச்சுப் படுத்தா மூச்சு அடைக்குதுன்னாரு." நோட்டை எட்டிப் பார்த்தாள். "பன்னெண்டு எப்பங்ணா?"

"புரட்டாசி."

"புரட்டாசில மூணு தலகாணி. அப்பறம் செவுத்துல சாஞ்சு உக்காந்தே தூங்குனாரு. பஞ்சு அமுங்கிப் போச்சுன்னு நெனச்சு, நான் புதுசு தெச்சுக் குடுத்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். நான் வினாடியை எண்ணிக்கொண்டிருந்தேன், அவள் தலையணையை எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். ஒரு நாள் பேச்சுவாக்கில் ஒருவருக்கொருவர் சொல்லியிருந்தால் கூட, நான் இல்லாவிட்டாலும் அவளாவது உன்னைப் பஸ் ஏற்றியிருப்பாள்.

தங்கமணி நோட்டை என் கையிலிருந்து வாங்கித் தன் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குக் கணக்கு நன்றாக வரும். நான்கு எண்ணையும் ஒரு முறை வாய்க்குள் சொன்னாள். "நாளைக்கு சொசைட்டிக்கு லீவு சொல்லோணும்" என்றாள். பிறகு சரசுவைப் பார்த்து, "அக்கா, நீங்களும் வாங்க. எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்குது" என்றாள்.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது சரசு எனக்கு முன்னால் நடந்தாள். வாய்க்கால் பாலத்தில் நின்று திரும்பாமலே சொன்னாள்: "எனக்குத் தலகாணி மட்டுந்தான் எண்ணத் தெரியும். நீங்க படிச்சவுங்க. ஊருக்கே மூச்சைப் பத்திச் சொல்லிக் குடுத்தவுங்க." சொல்லிவிட்டுத் தன் வீட்டுப் பக்கம் இறங்கிப் போனாள். மூன்று நாள் என் வீட்டுக்கு அவள் வரவில்லை. நான்காம் நாள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மன்னித்துவிட்டாள் என்று எழுத மாட்டேன். அவளும் அப்படி எழுதச் சொல்லவில்லை.

தங்கமணிக்கு இரத்தம் மிகவும் குறைந்திருந்தது. நடமாடிக்கொண்டிருந்ததே அதிசயம் என்றார் டாக்டர். ஏன் குறைந்தது என்பதை அவர்கள் உள்ளே பேசிக்கொண்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வைத்தியம் செய்தால் சரியாகிவிடும், ஆனால் இரண்டு மாதம் ஆடிப் பாடக் கூடாது என்றார்கள். இதையெல்லாம் எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க மாஷே, நாலு பொம்பளைங்க படிச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்" என்றாள்.

நோன்பை நாங்கள் விடவில்லை. முன்பாட்டை நான்கு பேருக்குப் பிரித்துக்கொடுத்தேன். ஒருவர் இரண்டு அடி பாட, அவர் மூச்சு வாங்கும் இடத்தில் அடுத்தவர் எடுக்க வேண்டும். யார் எங்கே நிமிர்கிறார், யார் எங்கே வாங்குகிறார் என்று தாளில் கோடு போட்டுக் கொடுத்தேன். ஆறுச்சாமி இடைவெளிகளில் குழலால் இழுத்துப் பிடித்தான். எனக்காகப் பிடித்தான் என்று நினைக்கிறேன். அவன் மன்னிப்புக் கேட்கிற விதம் அது.

நன்றாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு இடத்தில் பாட்டு அறுந்தது. ஒரு இடத்தில் இரண்டு பேர் சேர்ந்து எடுத்துவிட்டார்கள். மூன்றாவது பாட்டில் கூட்டத்தில் யாரோ, "நாச்சிமுத்து இருந்திருந்தா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. தங்கமணி நாற்காலி போட்டு உட்கார்ந்து கை மட்டும் தட்டினாள். ஆட்டம் முடிந்தபோது அறுபது பேரும் மூச்சு வாங்க நின்றார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. உனக்குப் போதாது, தெரியும்.

இந்த மலரைப் படிக்கிற பாடகர்களுக்கும் ஊதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தேங்காயை வைத்துப் பழகுங்கள், நல்லதுதான். முக்கால் மூச்சோடு பாடுங்கள், காற்றை ஒழுகவிடாதீர்கள், அதுவும் சரிதான். ஆனால் நன்றாகப் பழகிய ஒருவருடைய மூச்சு மாதத்துக்கு மாதம் குறைந்தால், அவரைத் திருத்தாதீர்கள், கேளுங்கள். எப்படித் தூங்குகிறீர்கள், எத்தனை படியில் மூச்சு வாங்க நிற்கிறீர்கள், கால் வீங்குகிறதா என்று கேளுங்கள். பிறகு டாக்டரிடம் அழைத்துப் போங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதைக்கூட நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த மூன்று கேள்விகளையும் போன வாரம் நோட்டில் ஒவ்வொருவர் பக்கத்திலும் மேலே எழுதினேன். சிவப்பு மையில் அல்ல. சரசுவிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாக எல்லாப் பக்கத்தையும் திருப்பினாள். கடைசிப் பக்கம் வரை போய்விட்டு நிமிர்ந்தாள்.

"எல்லாத்துக்கும் பக்கம் இருக்குது. உங்க பக்கம் எங்கீங்ணா?"

"எண்ணுகிறவனுக்கு எதற்கம்மா?"

"சரி, இப்பச் சொல்லுங்க. எப்படித் தூங்கறீங்க?"

"நன்றாகத் தூங்குகிறேன்."

"எத்தனை படில நிக்கறீங்க?"

நோட்டை மூடப் போனேன். வாய்க்கால் மேட்டில் ஏழு படி. நான் நான்காவதில் நின்று, தென்னையைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு ஏறுவேன். ஒன்றரை மாதமாக அவள் தன் வீட்டு வாசலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"உங்க தங்கச்சிக்கு எண்ணத் தெரியும்ங்ணா" என்றாள். மேசைமேல் இருந்த கடிகாரத்தை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். "விடுங்க பாக்கலாம்."

விட்டேன். அவள் எண்ணினாள். எண்ணை உரக்கச் சொல்லவில்லை. ஒரு வெள்ளைப் பக்கத்தை எடுத்து என் பெயரை எழுதி, அதன் கீழ் எண்ணை எழுதினாள். அவள் எழுதி முடிக்கும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு மதிப்பெண் போட்டவனுக்கு அந்த இடத்தில் உட்காருவது எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ ஆறு மாதம் அங்கே உட்கார்ந்தாய்.

"வியாழக்கெழமை மொதல் பஸ்சு. தயாரா இருங்க" என்றாள்.

பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், எழுபத்து நான்கு வயதுதான் காரணமாக இருக்கலாம். அப்படித்தான் உன்னைப் பற்றியும் நினைத்தோம். அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். டாக்டர் எத்தனை மாசமா என்று கேட்டால், ஒன்றரை மாதம் என்று முதல் கேள்விக்கே சொல்லிவிடுவேன். தூக்கத்தைப் பற்றி நான் சொன்னது பொய் என்பதைச் சரசுவிடம் பஸ்ஸிலேயே சொல்லிவிடுவேன். அவர் என்ன சொன்னாலும் அது அவளுக்கும் தெரியும்படி அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போவேன். உனக்குச் செய்யாததை நான் எனக்குச் செய்துகொள்கிறேன் என்று தோன்றினால் கோபித்துக்கொள். ஆனால் அவள் இன்னொரு முறை தனியாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

சரசுவின் அண்ணன்,
உன் மச்சான்,
வேலுச்சாமி